மூன்று மாதம் பச்சை டிக்: சந்தூர் வீட்டுக் கணினி ஒன்றில் நடந்தது

போச்சம்பள்ளியை அடுத்த சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிற ஒரு குடும்பத்தின் வீட்டுக் கணினியில் ஜூன் மாதம் நடந்ததை முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் எதுவும் சொல்லவில்லை. "கொஞ்ச நேரம் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிக்கலாம்" என்பது எங்கள் சர்வீஸ் தொழிலில் தினமும் வாயில் வருகிற வார்த்தை, நானும் சொல்கிறவன்தான். அந்தக் கொஞ்ச நேரம் இந்த வீட்டில் மூன்று மாதமாக நீண்டது, வீட்டில் இருந்த நான்கு பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை, தெரிந்துகொள்ள எளிய வழியும் இல்லை.

நர்சரிக்காரர் இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் செய்தார். "தம்பி, எக்செல் எல்லாம் வெள்ளைத் தாளா மாறிடுச்சு, எதைத் தொட்டாலும் தொறக்கல" என்றார். அப்போது ஆடிப் பட்டத்துக்கு நடவு வைக்கிறவர்கள் கன்று கேட்டு வரிசையில் நிற்கிற நேரம். செந்தூரா எத்தனை, பெங்களூரா எத்தனை, பங்கனப்பள்ளி எத்தனை, யார் முன்பணம் கொடுத்தது, எந்த லாரி என்றைக்கு என்பதெல்லாம் அந்த எக்செல்லில்தான். ஆறு வருடக் கணக்கு. நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு கிருஷ்ணகிரியிலிருந்து வண்டியை எடுத்தேன்.

திரையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. அதனால்தான் எக்செல்லின் பச்சை ஐகான் போய் வெற்றுத் தாள் ஐகான் வந்திருக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்று ஒரு நோட்பேட் கோப்பு. அதில் 980 டாலர் கட்டினால் திறந்து தருகிறோம், 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490 டாலர் என்று எழுதியிருந்தது. இந்தத் தொகையும் இந்த வாசகமும் ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று சொல்லப்படுகிற ரான்சம்வேர் வகையின் அடையாளம். ரான்சம்வேர் என்றால் கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கிற நிரல். பெரிய கம்பெனிகளைக் குறிவைக்கிற வகை இல்லை இது, வீட்டுக் கணினிகளைத்தான் பிடிக்கும், பெரும்பாலும் கிராக், கீஜென் என்ற பெயரில், காசு கட்ட வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்து இலவசமாகத் தருகிறவற்றின் வழியாக வரும். 490 டாலர் என்றால் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். நர்சரிக்கார அண்ணன் கட்டிவிடலாமா என்று கேட்டார். கட்டினால் திறந்து தருவான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, கட்டாதீர்கள் என்றேன்.

அடுத்த நாள் காலையில் எஸ்எஸ்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து, முழுதாக ஒரு நகல் எடுத்து, அசலை ஒரு கவரில் போட்டு வைத்தேன். இந்த வேலையை யாரும் தவிர்க்கக் கூடாது. அவசரத்தில் ஃபார்மட் அடித்துவிட்டால், பிறகு வழி கிடைத்தாலும் திறக்கக் கோப்பு இருக்காது.

வீட்டில் எல்லோரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற மகள். அன்று மாலை கணினியில் கடைசியாக உட்கார்ந்தது அவள்தான், ஒரு பிடிஎஃப் எடிட்டரின் கிராக் பதிப்பை இறக்கியதும் அவள்தான். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அந்த ஜிப் இருந்தது, பாஸ்வேர்ட் போட்ட ஜிப். பாஸ்வேர்ட் போட்டிருந்தால் ஆன்டிவைரஸால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது என்பதற்காகவே அப்படிச் செய்வார்கள். பாஸ்வேர்டை அடுத்த வரியிலேயே கொடுத்து, நிறுவும் முன்னால் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும் என்றும் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் நானும் முடிவே செய்துவிட்டேன்: இந்தப் பெண் ஆஃப் செய்திருக்கிறாள், அதுதான் உள்ளே வந்துவிட்டது.

அவளிடம் கேட்டபோது அழுதுகொண்டே ஒரே பதிலைத்தான் சொன்னாள். "அண்ணா, நான் ஆஃப் பண்ணலைங்க. ஆஃப் பண்ணச் சொன்னதாலதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. ஆன்ல இருக்கட்டும், தப்பான ஃபைலா இருந்தா அதுவே பிடிச்சுக்கும்னுதான் ஓட்டினேன். அது ஒண்ணுமே சொல்லலை."

இந்தப் பதிலைக் கேட்டு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. கிராக்கை இறக்கியது தவறு, அதை அவளே ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் யோசித்த விதம் சரியானது. ஆன்டிவைரஸை நம்பி, அதை ஒரு காவல்காரனாக வைத்துக்கொண்டு, அவன் தடுக்கிறானா பார்ப்போம் என்று நினைத்தாள். அவன் ஏன் தடுக்கவில்லை? இந்த வகை ரான்சம்வேரை, விண்டோஸோடு சேர்ந்தே வருகிற ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபென்டர் பல வருடமாகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பேசாமல் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

நகல் எடுத்த டிஸ்கை நெட் இல்லாத ஒரு கணினியில் போட்டு ஓட்டினேன். டிஃபென்டர் ஆன். ரியல் டைம் புரொடெக்ஷன், அதாவது கோப்பு வருகிற நொடியிலேயே சோதிக்கிற பாதுகாப்பு, அதுவும் ஆன். கீழே மூலையில் கேடயத்தின் மேல் பச்சை டிக். நோட்பேடைத் திறந்து ஐகார் சோதனை வரியைத் தட்டினேன். 68 எழுத்து கொண்ட ஒரு வரி அது, வைரஸ் கிடையாது, யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது, ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்காக ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட வரி. நல்ல நிலையில் இருக்கிற கணினியில் அந்த வரியை சேவ் செய்த சில நொடிகளில் எச்சரிக்கை வரும், கோப்பு காணாமல் போகும். இங்கே டெஸ்க்டாப்பில் சேவ் செய்தேன். ஒரு நிமிடம் ஆனது. ஐந்து நிமிடம் ஆனது. கோப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது, பச்சை டிக்கும் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். விண்டோஸ் செக்யூரிட்டி, அதில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், அதற்குள் மேனேஜ் செட்டிங்ஸ், கீழே கடைசி வரை இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ். ஒரு ஃபோல்டர் இல்லை, ஒரு கோப்பு இல்லை, முழு சி டிரைவும். இங்கே எதைப் போட்டாலும் டிஃபென்டர் அதையும் அதற்குள் இருக்கிற எல்லா ஃபோல்டரையும் பார்க்காமல் கடந்து போய்விடும். விண்டோஸும் டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் எல்லாம் சி டிரைவில்தான். வீட்டுக்குக் காவல்காரன் இருக்கிறான், சம்பளமும் வாங்குகிறான், ஆனால் வாசலைத் தவிர மற்ற இடத்தைப் பார் என்று சொல்லி வைத்திருக்கிறது.

யார் போட்டது, எப்போது? விண்டோஸ் இதை எழுதி வைக்கிறது, நம்மில் பலர் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. ஈவென்ட் வியூவரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபென்டர், ஆபரேஷனல் என்று உள்ளே போனால் டிஃபென்டரின் நாட்குறிப்பு திறக்கும். அதில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு எண். 1116 என்றால் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. 5001 என்றால் ரியல் டைம் பாதுகாப்பு ஆஃப். 5000 என்றால் திரும்ப ஆன். 5007 என்றால் செட்டிங்கில் எதையோ மாற்றியிருக்கிறார்கள், எதை என்பதும் அதிலேயே இருக்கும். கிராக் ஓடிய அன்று மாலை 5001 இருக்கிறதா என்று முதலில் தேடினேன். இல்லை. அந்தப் பெண் சொன்னது அட்சரசுத்தமான உண்மை.

பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். மார்ச் இரண்டாம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை காலை 11.31க்கு ஒரு 1116, பெயர் ஹேக்டூல் ஆட்டோகேஎம்எஸ். ஆஃபீஸ் மென்பொருளைக் காசு கொடுக்காமல் ஆக்டிவேட் செய்கிற கருவிக்கு டிஃபென்டர் வைத்திருக்கிற பெயர் இது. 11.33க்கு 5001. 11.36க்கு 5007, எக்ஸ்க்ளூஷனில் சி டிரைவ் சேர்ந்த பதிவு. பன்னிரண்டு மணிக்கு மேல் 5000. ஒரு மணி நேரம்கூட முழுதாக ஆகவில்லை.

அண்ணனிடம் அந்த சனிக்கிழமையைச் சொன்னதும் அவருக்கு உடனே நினைவு வந்தது. கன்றுகளுக்கு ஒட்டுகிற லேபிளை அடிக்கப் புதிதாக ஒரு பிரிண்டர் வாங்கியிருந்தார், அதை மாட்டிவிட்டு எக்செல்லிலிருந்து லேபிள் வருகிற மாதிரி செய்துகொடுக்க ஒரு கடையிலிருந்து பையன் வந்திருந்தான். எக்செல் எக்ஸ்பயர் ஆகிவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லிப் போட்டுக் கொடுத்திருக்கிறான். "ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தறேன்ணா, அதுவா ஆன் ஆயிடும்" என்று அவன் சொன்னதும் அண்ணனுக்கு நினைவிருந்தது.

அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. டிஃபென்டரின் ரியல் டைம் பாதுகாப்பை செட்டிங்ஸில் இருக்கிற ஸ்விட்சில் நிறுத்தினால், கொஞ்ச நேரத்தில் அதுவே ஆன் ஆகிவிடும். மைக்ரோசாஃப்ட் அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறது, நிறுத்துகிறவன் மறந்துபோவான் என்று தெரிந்தே செய்தது. ஆனால் ஆன் ஆன உடனே அந்த ஆக்டிவேஷன் கருவியைப் பிடித்து அழித்துவிடும், ஒரு வாரத்தில் எக்செல் மறுபடி கேட்கும், கடைக்குப் போன் வரும். அது வராமல் இருக்கத்தான் எக்ஸ்க்ளூஷன் போட்டிருக்கிறான், எந்த ஃபோல்டர் என்று தேடக்கூடப் பொறுமை இல்லாமல் முழு டிரைவையும். ஸ்விட்சுக்குத் தானாகத் திரும்புகிற வழி இருக்கிறது. எக்ஸ்க்ளூஷனுக்குக் கிடையாது. யாராவது கைவைத்து நீக்குகிற வரை, அப்டேட் வந்தாலும், ஆயிரம் முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அது அங்கேயே இருக்கும். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம்தான். சொல்லிக்கொடுத்தவர்கள் அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்பதும் தெரியும்.

டேம்பர் புரொடெக்ஷன் ஆனில் இருந்ததே, அது தடுத்திருக்க வேண்டாமா என்று ஒரு தொழில் நண்பர் கேட்டார். அது வேறு மென்பொருள் ஏதாவது திருட்டுத்தனமாக டிஃபென்டரைக் கைவைப்பதைத் தடுப்பதற்கு. உட்கார்ந்திருக்கிற ஆளே விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, அட்மின் அனுமதிக்கு யெஸ் அழுத்தி மாற்றினால், கணினியின் சொந்தக்காரன்தான் மாற்றுகிறான் என்று எடுத்துக்கொள்ளும்.

சரி, மூன்று மாதம் ஒரு சந்தேகமும் வரவில்லையா? வராதபடி ஒரு காரியம் நடந்திருக்கிறது. மே மாதம் ஒருநாள் மகள் ஜெராக்ஸ் கடையிலிருந்து பென் டிரைவ் கொண்டுவந்து மாட்டியபோது அதிலிருந்த ஷார்ட்கட் வைரஸை டிஃபென்டர் சரியாகப் பிடித்திருக்கிறது. அந்த 1116 நாட்குறிப்பில் இருக்கிறது. பென் டிரைவ் இ டிரைவாக வரும், எக்ஸ்க்ளூஷன் சி டிரைவுக்கு மட்டும்தானே. "பாரு, நம்ம ஆன்டிவைரஸ் நல்லா வேலை செய்யுது" என்று அன்றைக்கு வீட்டில் பேசிக்கொண்டார்களாம். ஜூனில் அவள் அவ்வளவு நம்பிக்கையோடு அந்தக் கோப்பை ஓட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்கேன் செய்தபோது சில கோப்புகளைத் தவிர்த்துவிட்டோம் என்கிற மாதிரி ஓர் அறிவிப்பு ஓரிரு முறை ஓரத்தில் வந்ததாகவும், படிக்காமல் மூடிவிட்டதாகவும் சொன்னாள். எக்ஸ்க்ளூஷன் இருந்தால் அப்படி ஓர் அறிவிப்பு வரும். மூன்று மாதத்தில் டிஃபென்டர் கொடுத்த ஒரே துப்பு அதுதான்.

மீட்டது கொஞ்சம்தான். ரீட்மீ கோப்பில் ஒரு ஐடி இருக்கும், அது டி1 என்று முடிந்தால் ஆஃப்லைன் சாவியால், அதாவது நெட் கிடைக்காதபோது பலருக்கும் பொதுவாகப் போடுகிற சாவியால், பூட்டியிருக்கிறது என்று அர்த்தம், அந்த மாதிரி சாவிகள் சிலவற்றுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரிலிருந்து இலவசமாகக் கொடுக்கிற திறப்பான் உதவும். இங்கே அப்படி முடியவில்லை. பூட்டும்போது நெட் இருந்ததால் இந்தக் கணினிக்கென்றே தனிச் சாவி வாங்கிப் பூட்டியிருக்கிறது, அது அவர்களிடம் மட்டும்தான் இருக்கும். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கிற பழைய நிழல் நகல்களையும் அழித்துவிட்டிருந்தது. பேக்கப் என்று ஒரு ஃபோல்டர் டி டிரைவில் இருந்தது, அதே டிஸ்கின் இன்னொரு பாதி, அதுவும் போயிற்று. ஆனால் இந்த ரான்சம்வேர் வேகமாக முடிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி சொச்சத்தை மட்டும்தான் பூட்டும். சின்ன எக்செல் கோப்புக்கு அது முழு உயிரும் போன மாதிரி. பெரிய ஜிப்புக்கு அப்படி இல்லை. ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கும், தலை சிதைந்தாலும் வால் மிஞ்சியிருக்கும். போன மார்ச் வரைக்குமான கணக்கை ஆடிட்டருக்காக ஒரே ஜிப்பாகக் கட்டி வைத்திருந்தார்கள், நாற்பது எம்பிக்கு மேல். ஒட்டியிருந்த நான்கு எழுத்தை நீக்கிவிட்டுத் திறந்தபோது முதல் கோப்பு மட்டும் போயிருந்தது, மீதி எல்லாம் வந்துவிட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் அண்ணனின் வாட்ஸ்அப்பில் லாரிக்காரர்களுக்கு அனுப்பிய பில் பிடிஎஃப்களைத் தேடி எடுத்து, மகளும் அம்மாவும் நான்கு இரவு உட்கார்ந்து திரும்பத் தட்டினார்கள். முன்பணக் கணக்கில் சில பெயர்கள் கிடைக்கவில்லை, கேட்டு வருகிறவர் சொல்வதை நம்பித்தான் கன்று கொடுத்தார். பாட்டியின் அறுபதாம் கல்யாணப் போட்டோக்கள் வரவில்லை.

கோப்பு போனதோடு கதை முடியாது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த வகை ரான்சம்வேர் பல நேரம் பாஸ்வேர்ட் திருடுகிற இன்னொரு நிரலையும் கூடவே கூட்டிவரும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட், லாகின் ஆகியிருப்பதை பிரவுசர் நினைவில் வைத்திருக்கிற குக்கி எல்லாம் அதற்குத்தான். அதனால் வேறொரு போனிலிருந்து, ஜிமெயிலில் ஆரம்பித்து, வங்கி, கல்லூரி லாகின் என்று எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினோம். மாற்றினால் மட்டும் போதாது, எல்லாச் சாதனத்திலும் சைன் அவுட் என்பதையும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் திருடிய குக்கியோடு உள்ளேயே உட்கார்ந்திருப்பான். சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரும் பதிந்தோம். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930க்கு அழைக்க வேண்டும், இவர்களுக்கு நல்லவேளையாகப் பணம் போகவில்லை. கணினியை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். எக்செல்லுக்குப் பதிலாக லிப்ரே ஆஃபீஸ், இலவசம்தான், லேபிள் அதிலிருந்தும் நன்றாகவே அடிக்கிறது. தினசரி வேலைக்கு அட்மின் அனுமதி இல்லாத தனிக் கணக்கு ஒன்று. அதில் இருந்துகொண்டு அட்மின் பாஸ்வேர்ட் இல்லாமல் எக்ஸ்க்ளூஷன் போட முடியாது. பேக்கப்புக்கு வெளி ஹார்ட் டிஸ்க், ஞாயிற்றுக்கிழமை மாட்டி நகல் எடுத்ததும் கழற்றி பீரோவில்.

இவ்வளவு பார்த்த பிறகும் ஆன்டிவைரஸை ஒருநாளும் நிறுத்தவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தவறான எச்சரிக்கை வருவது உண்மை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று பிடித்து உலகம் முழுக்கக் கணினிகளை முடக்கியது. சில பழைய டிரைவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான மென்பொருள்கள் இன்றும் தகராறு செய்கின்றன. ஆனால் நான் இப்போது செய்கிற வரிசை மாறிவிட்டது. எச்சரிக்கை வந்தால் முதலில் புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் என்ன பெயர் சொல்கிறது என்று படிக்கிறேன். கோப்பு அதை உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து வந்ததா, ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்கிறதா என்று பார்க்கிறேன், வைரஸ்டோட்டல் என்கிற இணையதளத்தில் போட்டுப் பல ஆன்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்கிறேன், சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றுவதில்லை. எல்லாம் சரியாக இருந்தால் ஹிஸ்டரியிலேயே அந்த ஒரு எச்சரிக்கையை மட்டும் அனுமதிக்க வழி இருக்கிறது, பத்தில் ஒன்பது முறை அதுவே போதும், நிறுத்த வேண்டிய தேவையே வராது.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் ஸ்விட்ச். தேவையானதை முன்கூட்டியே இறக்கி வைத்து, நெட்டைத் துண்டித்து, பிரவுசரையும் மெயிலையும் மூடி, ஆஃப் செய்து, நிறுவி, நானே கையால் ஆன் செய்துவிட்டுத்தான் நெட்டை மாட்டுகிறேன். தானாக ஆன் ஆகும் என்று விட்டுவிடுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய வேறு ஆன்டிவைரஸ் என்றால் அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்தால் பத்து நிமிடம், ஒரு மணி நேரம், ரீஸ்டார்ட் வரை, நிரந்தரமாக என்று பெரும்பாலும் கேட்கும், குறைந்த நேரத்தைத்தான் எடுக்கிறேன். எக்ஸ்க்ளூஷன் தவிர்க்க முடியாத இடத்தில் அந்த மென்பொருளின் ஃபோல்டர் மட்டும், அதையும் வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டி, பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். எந்த எச்சரிக்கையும் வருவதற்கு முன்னாலேயே ஆன்டிவைரஸை நிறுத்து என்று ஒரு பக்கம் சொன்னால், அந்தக் கோப்பை அங்கேயே விட்டுவிடுகிறேன்.

அந்த வீட்டில் கடைசியாகப் போனபோது அண்ணனை மகளோடு உட்கார வைத்து மார்ச் மாதத்து வரிகளைத் திரையில் காட்டினேன். 11.31, 11.33, 11.36. ஜூன் மாலையில் 5001 இல்லாத இடத்தையும் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ மேலதான் பழி போட்டோம்" என்று மட்டும் சொன்னார். அவள் எதுவும் சொல்லவில்லை. எக்ஸ்க்ளூஷன் பட்டியல் எங்கே இருக்கிறது என்று இன்னொரு முறை காட்டச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்தக் கடைப் பையன் அதே வாரத்தில் பக்கத்து நர்சரிகளுக்கும் பிரிண்டர் மாட்டிக் கொடுத்திருந்தான். நான் போவதற்கு முன்பே அவள் நோட்டோடு போய் இரண்டு வீட்டில் பார்த்துவிட்டாள். ஒன்றில் எதுவும் இல்லை. இன்னொன்றில் சி டிரைவ், அதே ஒரு வரி, மேலே பச்சை டிக். நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓட விட்டிருக்கிறேன், ஒரு மணி நேரமாக ஓடுகிறது என்று எனக்குப் போன் செய்தாள்.